வீட்டுக்கு ஒரு டோக்கன்

ஜெயபாண்டியை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவன் நல்லவன்தான். அதனால்தான் எரிச்சல்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் அவனுக்கு வேலை. மனைவி மாரிக்கனிக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்ன நாளிலிருந்து பாலோ இளநீரோ, வீட்டில் எது வந்தாலும் முதல் பங்கு அவளுக்கு. "ஏட்டி, நீ தின்னது போக மிச்சம் இருந்தாத் தா" என்பான். "மிச்சம் வைக்காமத் தின்னா என்ன செய்வீக?" என்று அவள் சீண்டுவாள். பிள்ளைகள் இல்லை. இருவர்தான் வீடு.

நான் ஞானபாக்கியம், சோழபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு இருபத்தாறு வருடமாக ஊசி போடுகிற நர்ஸ். கொரோனா இரண்டாம் அலையில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். எண்பது ஊசிக்கு முந்நூறு பேர் நின்றார்கள். அடிதடி ஆகிவிடும் போலிருக்கவே, வீட்டுக்கு ஒரு டோக்கன் என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். ஜெயபாண்டி வரிசையில் நின்று வாங்கிய டோக்கனை மாரிக்கனி கையில் திணித்தான்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இவளுக்குப் போடுங்க சிஸ்டர்."

"புருஷன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நானும் தலையாட்டினேன். இரண்டாவது ஊசிக்கும் அதே கதை. பிறகு ஊசி தாராளமாக வந்தபோதும், "காய்ச்சல் வந்து நான் படுத்துட்டா இவளுக்குக் கஞ்சி வைக்க யாரு இருக்கா? அதான் இவளுக்குப் போட்டாச்சுல்லா" என்று போய்விட்டான். கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அவன் இருமினான். தறிக்கூடத்தில் எல்லாரும் இருமுவார்கள், பஞ்சுத்தூசி. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நாலு நாளில் அவனுக்குச் சரியானது. பிறகு மாரிக்கனிக்கு மூச்சு முட்டியது. கொரோனா என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

"ரெண்டு ஊசி போட்டும் ஏன் சிஸ்டர்?" என்று ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். இங்கிலீஷில் இருந்தது. அவள் ரத்தத்தில் ஊசியால் எந்த எதிர்ப்பும் உண்டாகவில்லை. எதிர்ப்பை உண்டாக்க வேண்டிய அணுக்களையே நோயும் அதற்கான மருந்தும் அழித்திருந்தன. இப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போடத்தான் வேண்டும். ஆனால் கூட இருப்பவர்களும் கட்டாயம் போட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு, "எல்லாம் விதிப்பா" என்று மடித்துக் கொடுத்தேன். அதைவிடக் கேவலமான பேச்சு என் வாயில் வந்ததில்லை.

அதன்பின் அந்த டோக்கன் கதைதான் அவனுக்கு ஒரே ஆறுதல். டீக்கடையில் சொல்வான். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

டிசம்பர் முகாமில் கூட்டமே இல்லை. அவனோடு தறி ஓட்டுகிற சின்னக்கருப்பன் தன் தம்பியைக் கூட்டிவந்தான். தம்பிக்கும் ரத்தப் புற்றுநோய். துணைக்கு ஜெயபாண்டியும் வந்திருந்தான். தம்பிக்குப் போட்டுவிட்டு, "நீயும் உட்காரு" என்றேன் சின்னக்கருப்பனிடம்.

ஜெயபாண்டி குறுக்கே விழுந்தான். "நோயாளிக்குப் போட்டாப் போதும் சிஸ்டர். எங்க வீட்டுலயும் அப்படித்தான செஞ்சோம்?"

சின்னக்கருப்பன் கிளம்பப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டால் ஜெயபாண்டியின் ஆறுதல் மிஞ்சும். அந்தத் தம்பி என்ன பாவம் செய்தான்?

"ஏலே, உட்காரு!" என்று கத்தினேன். "ஒந்தம்பி உடம்பு இந்த ஊசிய ஏத்துக்கிடுமோ என்னமோ. நீ போட்டாத்தான் நோயத் தூக்கிட்டு வீட்டுக்குப் போறது குறையும். மொதல்ல உனக்குத்தான் போட்டிருக்கணும்."

சின்னக்கருப்பன் பயந்துபோய்ச் சட்டைக் கையைச் சுருட்டினான். போட்டு முடிக்கும்வரை ஜெயபாண்டி சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"அந்தச் சீட்டுல இதான் எழுதியிருந்துச்சா?"

"ஆமா."

"டோக்கன நான் வச்சிருக்கணுமோ?"

"எனக்கும் அன்னைக்குத் தெரியாதுப்பா" என்றேன். உண்மைதான். தெரிந்திருக்க வேண்டியவள் நான் என்பதும் உண்மை.

காலியான நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையை நீட்டினான்.

"போடுங்க. காய்ச்சல் வந்தா வரட்டும். இனி யாருக்குக் கஞ்சி வைக்கப் போறேன்?"