வேலை போனவர் சொன்ன யோசனை

கோவை விமான நிலையத்திலிருந்து கோபிக்கு என் வாடகைக் காரில் வந்தவர் ஒரு பைலட். வெயிலில் கறுத்த முகம், நரைத்த கிருதா. தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆப்பிரிக்காவில் காட்டு ஊர்களுக்குச் சரக்கு விமானம் ஓட்டும் ஒப்பந்த வேலையாம். மூட்டைகள் அளவுக்கு மீறி இருந்ததால் ஓட்ட மறுத்திருக்கிறார். கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. இதெல்லாம் அவராகவே சொன்னது. நானாக யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அவிநாசி தாண்டியதும் யாருக்கோ போன் செய்தார்.

“ஏனுங்க, நாளைக்கு ஏறப்போறது நீங்கதானுங்களே? பாஸ்போர்ட்டைக் கம்பெனி கேட்டாக் குடுத்துப்போடாதீங்க. மூட்டையில எழுதியிருக்கிற எடையை நம்பாதீங்க, முன்னால நின்னு தராசுல வெச்சுப் பாருங்க. எறங்கறப்ப ஓடுதளத்துல மாடு நிக்கும். ஒரு சுத்து சுத்திப் பார்த்துப்போட்டு எறங்குங்க.”

போனை வைத்ததும், “சொந்தக்காரருங்களா?” என்றேன்.

“இல்லீங்க, பார்த்ததே இல்லை. என்னோட எடத்துக்கு வந்திருக்கறவரு.”

எனக்கு மனசு கேட்கவில்லை. “உங்க வேலையைப் புடிச்சவருக்கா இத்தனை சொல்றீங்க?”

“வேலை போச்சுங்க, நான் ஊட்டுக்கு வந்துட்டேன். அந்த மூட்டையெல்லாம் அங்கயேதான் கெடக்குது. அதைத் தூக்கீட்டு அவருதானுங்க மேல போகோணும்.”

கோபியில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள், அந்த விமானம் என்ன ஆயிற்று என்று கேட்க அவர் நம்பரை எடுத்தேன். கூச்சத்தில் அழைக்கவில்லை. முகம் தெரியாத அந்த இன்னொரு பைலட்டை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.