பொம்மைக்கு முளைத்த முடி

திண்டிவனத்தில் அம்மா வீட்டுப் பரணில் கிடந்த என் பழைய பொம்மையை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து மகளுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு ஆகுமோ ஆகாதோ என்று மூன்று முறை யோசித்துத்தான் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டேன். பொம்மையின் மொட்டைத் தலையிலிருந்த கறுப்புப் புள்ளிகள் பஞ்சோடு வந்துவிட்டன. கூடவே தேங்காயெண்ணெய் வாசனை.

ஐந்து வயதில் கோயிலில் எனக்கு மொட்டை போட்டபோது, பொம்மைக்கும் போட வேண்டுமென்று அழுதேன். அப்பா மொட்டை போடுபவரிடம் கெஞ்சிக் கேட்டு அதற்கும் மழித்துச் சந்தனம் பூசவைத்தார். எனக்கு முடி வளர்ந்தது, அதற்கு வளரவில்லை. தினமும் அதன் தலையில் எண்ணெய் தேய்த்தேன்.

"தலகாணியெல்லாம் எண்ணெ! அத்தத் தூக்கிப் போடுடி," என்பாள் அம்மா.

"நீ சும்மா இரு. தோ பாரு கண்ணு, மொளச்சிக்கினு வருது," என்று ஒருநாள் அப்பா காட்டினார். தலை முழுக்கப் புள்ளிகள். தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தேன்.

பிறகு வேதியியலில் முதுகலை படித்தேன். ஆனாலும் அந்தப் புள்ளிகள் மார்க்கர் பேனா மை என்று, இந்தப் பஞ்சைப் பார்க்கும்வரை தோன்றவேயில்லை.

போன வாரம் மொட்டை போட்டதிலிருந்து, என் மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். பொம்மையைக் கண்டதும் துண்டு நழுவியது.

"அம்மா, இதுக்கும் மொட்ட! முடி வளருமா?"

குழந்தையிடம் பொய்யே சொல்லக்கூடாது என்று இருப்பவள் நான்.

"வளரும்டா," என்றேன்.

இப்போது அவள் துண்டில்லாமல் பள்ளிக்குப் போகிறாள். தினமும் அவள் போனதும் பொம்மையின் ரப்பர் தலையில் நாலு இழை கறுப்பு நூல் தைக்கிறேன். அவள் முடியைவிட நீளமாகிவிடக் கூடாதே என்று ஸ்கேல் வைத்து அளந்துதான் வெட்டுகிறேன்.