சாம்பிராணிப் புகையில் ஒரு விமானம்

எங்கேயோ வெளிநாட்டில் ஒரு விமானம் தரையிறங்கியபின் தீப்பிடித்து, கதவைத் திறந்து இறங்குவதற்குள் உள்ளே இருந்தவர்கள் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள் என்று பேப்பரில் வந்தது. அந்த வாரம்தான் என் கணவர் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்ப வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நீ ஒண்ணும் போவாண்டாம்லே. இங்கன இருந்து கஞ்சி குடிச்சாப் போதும்" என்று மாமியார் முடித்துவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் புது மருமகளிடம் யார் கேட்டார்கள்?

"கதவு தொறந்தா எல்லாரும் நிமிசத்துல வெளிய வந்துரலாம்மா. காட்டுதேன் பாரு" என்றார் இவர். பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார். கொல்லைக் கதவுதான் அவசர வழி. எதையும் எடுக்கக்கூடாது, யாருக்காகவும் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டார். பயணிகள்: மாமனார், மாமியார், நான், மருமகனை வழியனுப்பச் சீவலப்பேரியிலிருந்து முறுக்குப் பையோடு வந்திருந்த என் அப்பா. புகைக்காகத் தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட்டு, "தீ! ஓடுங்க!" என்று கத்தினார்.

சாம்பிராணி வாசம் வந்ததும் மாமியார் எழுந்து, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். என் அப்பா பின்சீட்டில் இருந்த மகளை விட்டுவிட்டு முறுக்குப் பையைத் தூக்கினார். கொல்லைக் கதவருகில் அவரும் மாமனாரும் சந்தித்தார்கள்.

"நீங்க முன்னால போங்க அண்ணாச்சி."

"அதெப்படி? வந்த சம்பந்தி நிக்க நான் போறதா? நீங்க போங்க வே."

இருவரும் அசையவில்லை. சம்பந்திகளை இடித்துக்கொண்டு மருமகள் போக முடியுமா? பின்னால் நின்று இருமினேன். நிஜ விமானம் என்றால் அந்நேரம் சாம்பலாகியிருக்கும்.

கடைசியில் இவரே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "பையப் பைய வாங்க மாமா, படி இருக்கு" என்று என் அப்பாவை இறக்கினார். பிறகு தன் அப்பாவை, பிறகு என்னை. அப்புறம் மறுபடி புகைக்குள் போய், சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் கூட்டி வந்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. யாருக்காகவும் நிற்கக்கூடாது என்று சொன்ன மனுஷன்தான் கடைசியாக வெளியே வந்திருந்தார்.

மாமியாரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"சரி, போயிட்டு வா. ஆனா அங்கன மட்டும் மரியாத கெட்டவனா இரு, என்ன? எவனா இருந்தாலும் இடிச்சுத் தள்ளிட்டு வெளிய வந்துரு."