அக்காவின் குரலில் பேசியவன்

இருபது வருடங்களாக நான் மூன்று வேலை பார்த்தேன். வாரநாட்களில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் ஆசிரியர். சாயங்காலங்களில் மேடையேறி ஆட்களைச் சிரிக்கவைப்பவன். அம்மன் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். பிற்பாடு ஏசி போட்ட சின்ன அரங்குகளும் வந்தன. ஞாயிறு காலையில் வானொலி. இதில் மேடையும் வானொலியும் ஓடியது என் அக்காவின் பேச்சை வைத்து.

அக்கா எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் இருக்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது அம்மாவும் போய்விட்டாள். அக்கா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று என்னைப் படிக்கவைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையிடம் அவள் சொன்ன ஒரே நிபந்தனை, தம்பி நம்மோடுதான் இருப்பான் என்பது.

அவள் பேசினால் மார்க்கெட்டே நின்று கேட்கும். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் மீனைத் தூக்கிப் பார்த்து, கண் உள்ளே போயிருக்கிறதே, பழைய மீனா என்று கேட்டிருக்கிறார். "உன் காக்கி சட்டைய பாத்து பயந்து பூட்சி சார், மத்தபடி காலைல புட்ச்சதுதான்" என்றாளாம். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்.

கல்லூரி விழா ஒன்றில் பேச வேண்டியவர் வராமல் போக, என்னை மேடையில் தள்ளினார்கள். பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் அக்கா மாதிரி பேசினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருடமே வானொலியில் கூப்பிட்டார்கள். அதில் நான் ஒரு மீன்காரப் பெண்ணாகப் பேசுவேன். கற்பனைப் பாத்திரம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மார்க்கெட்டில் ஐஸ் கடை ரேடியோவில் அக்காவும் அதைக் கேட்பாள். நம்ம பொம்பளைங்களை நல்லாதான் கவனிச்சி வச்சிருக்கே என்று பெருமைப்படுவாள். அவளைத்தான் பேசுகிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் முதலாண்டுப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டுப் பேச்சுக்காக வெட்கப்படாதீர்கள் என்று பாடம் எடுப்பேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்ல வேறு எதுவும் கைவசம் இல்லாததால், என் பட்டமளிப்பு விழாக் கதையைச் சொன்னேன். மீன்கார அக்கா கேட்டில் நின்று, "என் தம்பி கறுப்பு அங்கி போட்டுகினு வக்கீலாட்டம் இருப்பான், கொஞ்சம் கூப்புடு நைனா" என்கிறாள். உள்ளே எல்லோருமே கறுப்பு அங்கிதான் அம்மா என்கிறார் காவலாளி. "அப்போ எல்லாரையும் கூப்புடு, நான் பொறுக்கிக்கறேன்" என்கிறாள்.

அது நடந்த விஷயம். அக்கா என்னிடம் மட்டும் சொன்னது. அழைப்புச் சீட்டு இல்லையென்று அவளை உள்ளே விடவில்லை. மூன்று மணி நேரம் மாலையும் கையுமாக வெயிலில் நின்று அழுதிருக்கிறாள். எனக்கு இரண்டு சீட்டு கொடுத்திருந்தார்கள். மீன் வாசனையோடு வந்து நிற்பாளே என்று நான்தான் அவளிடம் சொல்லாமல் விட்டேன். அவளாகவே விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று மதியம் அக்கா மகள் போன் செய்தாள். மார்க்கெட்டே ரேடியோவைக் கேட்டுச் சிரித்ததாம். அம்மா பாதிக் கூடையோடு எழுந்து வந்துவிட்டாள், வந்ததிலிருந்து பேசவில்லை என்றாள். நான் உடனே கிளம்பினேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. பாதி வழியில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தே போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவாள், முதுகில் நாலு வைப்பாள், பிறகு சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாத்தையும் கரீக்டா சொன்னே. நான் அழுதத்த மட்டும் ஏன்டா வுட்டுட்டே?" என்றாள்.

"அதைச் சொன்னா ஜனங்க சிரிக்காது அக்கா."

இந்தப் பதில் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் தலையாட்டினாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் போனேன். "வாங்க. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம்கூட உட்காராதவள், ஒவ்வொரு சொல்லாக யோசித்து, பேங்கில் மேனேஜரிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினாள். அக்கா, வேண்டாம் என்று காலைப் பிடித்தேன். "எழுந்திருங்க, பாக்குறவங்க தப்பா நினைப்பாங்க" என்றாள்.

அந்தப் பாத்திரத்தை நிறுத்தினேன். நேயர்கள் கேட்கிறார்கள் என்று நிலையத்தில் வற்புறுத்தினார்கள், முடியாது என்றேன். கடைசி நிகழ்ச்சியில், இத்தனை வருடம் நான் பேசியது என் சொந்த அக்காவை என்று சொன்னேன். அவள் வெயிலில் நின்று அழுததையும் சொன்னேன். சொல்லும்போது நானும் அழுதேன். ஏராளமான பேர் எழுதினார்கள், ரொம்ப உருக்கமாக இருந்தது என்று. சீட்டு விஷயத்தை மட்டும் அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அக்கா அதைக் கேட்கவில்லை. ஐஸ் கடைப் பக்கமிருந்து தன் இடத்தை மாற்றிக்கொண்டு எப்போதோ கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். நான் நேரில் போனபோது, "நல்லா பேசினீங்கன்னு சொன்னாங்க. நன்றி" என்றாள். அவள் வாயில் நன்றி என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. சீட்டைப் பற்றிச் சொல்லிவிடத்தான் அன்றைக்குப் போயிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

மேடையையும் விட்டுவிட்டேன். பாடம் மட்டும் நடத்துகிறேன். முதலாண்டு வகுப்பில் வீட்டுப் பேச்சு பற்றிய பகுதி வந்தால் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இப்போது முட்டிவலி. மார்க்கெட்டுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறேன். அவள் வீட்டுக்கு முன்னால் சந்து ஒன்று திரும்பும். அங்கே வரும்போதே அவள் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருப்பாள். யாரையோ கலாய்ப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். போன வாரம், மருமகன் தூக்கத்தில் குறட்டை விடுவதை, "ஆத்துல படகு இன்ஜினு ஸ்டார்ட் ஆவாத மாதிரி கீதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்று கேட்டேன். என்னையும் மறந்து சிரித்துவிட்டேன்.

சில வாரம் உள்ளே போவதில்லை. மாத்திரையை அக்கா மகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நான் போய் நின்றால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.