மூத்தவளுக்கு என் பேர்

கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மாவுக்குப் பெண் பிறந்தது. அதற்கும் வெள்ளையம்மா என்றே பெயர் வைக்க வேண்டுமாம். நான்கு தலைமுறையாக ஒவ்வொரு தாயும் மரண சாசனத்தில் ‘என் பேர் மூத்தவளுக்கு’ என்றே எழுதியிருந்தாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று அறியாமல் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதுளையிலிருந்த மாமாவிடம் போய், முதல் சாசனத்தைத் தேடி எடுத்துப் படித்தாள்.

‘பெரட்டில் கூப்பிடும் என் பேரும், லயத்தில் நான் குடியிருக்கும் காம்பராவும் மூத்தவளுக்கு.’

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “அடியே, அது காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கூப்பிடுற வேலைப் பேருடி! தோட்டத்துல தனக்கிருந்த வேலையத்தான் மகளுக்கு எழுதி வச்சா. பின்னால வந்தவளுக சுருக்கி எழுதி, ஒன்னையும் வெள்ளையம்மாவாக்கிட்டாளுக.”

“அந்த வேலையத்தானே நானும் பாக்குறேன்?”

“ஆமா.”

“அப்ப எம்மகளுக்கு அந்தப் பேரும் வேணாம், இந்தப் பேரும் வேணாம் மாமா.”

குழந்தைக்கு லக்ஷிகா என்று பெயர் வைத்தாள்.