இறுக்கிப் பிடித்த வயிறு

காலை ஐந்தரைக்கு அலெக்ஸாண்டர் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன. வயிற்றின் மேல் ஒரு பழைய பிரஷர் கேஜ். எண்ணூரில் அவர் வேலை செய்யும் ஆலை கழித்துப்போட்டது, முக்கால் கிலோ. மூச்சு உள்ளே வரும்போது அது மேலே எழ வேண்டும். எழுவதில்லை. நெஞ்சுதான் தூக்கிக்கொள்கிறது.

வயது நாற்பத்தொன்று. மீட்டர், கேஜ் எல்லாவற்றையும் சரிபார்க்கும் டெக்னீஷியன். குழாயில் காது வைத்தே கசிவைச் சொல்லிவிடுவார். மனிதர்களிடம் பேச்சு குறைவு. "ரீடிங் இன்னா?", "சரி", "பாக்கலாம்". இந்த மூன்றிலேயே ஒரு ஷிஃப்டு ஓடிவிடும். ராயபுரத்து வீட்டில் இப்போது அதைக் கேட்கவும் ஆளில்லை. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் புழக்கத்தில் இருக்கின்றன. மற்றவை கவிழ்த்தபடியே கிடக்கின்றன.

அம்மா ஐரீன் மாதா கோயில் பூசையில், பைபிளின் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலை இருபத்தாறு வருடம் பாடியவர். போன வருடம் இறந்துபோனார். வரும் சனிக்கிழமை முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. அன்று அந்தப் பாடலைத் தானே பாடுவதாகப் போய்ச் சொல்லிவிட்டார், அதுவரை கோயிலில் வாயே திறக்காத மகன்.

கீபோர்டு வாசிக்கும் வால்டர் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். குரல் இருந்தது. ஆனால் தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, மூன்றாம் வரியில் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்று போதவில்லை என்று கணக்குப் போட்டு அலெக்ஸாண்டர் இன்னும் இழுத்தார். இன்னும் இறுகியது.

"காத்த நீ இழுக்காத, நைனா. வயித்த வுடு, அதுவா வரும்," என்றார் வால்டர். "இன்னாத்துக்கு இப்டி எக்கிப் புடிச்சிகினு கீற? எவனாவது குத்தப் போறானா?"

பாடகர் குழு சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு முறை வயிற்றை விட்டுப் பார்த்தார். காற்று தானாக அடிவரை இறங்கியது. தொண்டை திறந்தது. வந்தது பாட்டு இல்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று வராத அழுகை. முதுகு தரையில் இடிபடக் குலுங்கிக்கொண்டிருந்தார், இருபது நிமிடம். பிறகு முகம் கழுவி, வயிற்றை மறுபடி எக்கிக்கொண்டார். பாட்டுக்கும் அழுகைக்கும் ஒரே குழாய். ஒன்றைத் திறந்து மற்றதை மூட அதில் வால்வு கிடையாது.

வெள்ளிக்கிழமை வால்டருக்குப் போன் செய்து, வேறு யாரையாவது பாடச் சொல்லலாமா என்று கேட்கிறார். ஏன் என்கிறார் வால்டர்.

"நடுவுல அழுதுட்டா இன்னா பண்றதுண்ணே?"

"நான் வாசிச்சுகினே இருப்பேன். நீ வர்றப்ப வா," என்கிறார் வால்டர்.

சனிக்கிழமை மாலை. முதல் வாசகம் முடிகிறது. அலெக்ஸாண்டர் மைக்கின் முன்னால் வந்து நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, இன் செய்திருக்கிறார். வால்டர் முன்னிசையை ஒரு சுற்று வாசித்து முடிக்கிறார். பாட்டு வரவில்லை. வால்டர் நிறுத்தாமல் இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறார். முன் பெஞ்சில் யாரோ இருமுகிறார்கள். அலெக்ஸாண்டர் குனிந்து, எல்லோரும் பார்த்திருக்க, இடுப்பு பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்துகிறார்.