அம்சவல்லி பாத்தியில் விழுந்த தடம்

அம்சவல்லி வரப்பில் குனிந்தபடியேதான் நடப்பாள். காலையில் மரக்காணம் உப்பளத்துக்கு வந்ததும் முதல் வேலை, தன் ஈரப் பாத்தியில் எவன் கால் பட்டிருக்கிறது என்று பார்ப்பது. நாயா, நண்டா, பக்கத்துப் பாத்திக்காரர் தேவநாதனா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். "இந்தாளு இன்னாத்துக்கு எம்பாத்தியில கால வெச்சான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்து மிதித்துத் தரையைச் சமனாக்குவாள். பள்ளம் விழுந்தால் உப்போடு சேறும் சேர்ந்து வரும்.

யாரையும் லேசில் நம்பமாட்டாள். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடச் சொன்னால், காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

அவள் பாத்திக்குத்தான் சென்னையிலிருந்து சித்தார்த்தன் வந்து சேர்ந்தான். அருங்காட்சியகம் ஒன்றில் டைனோசர் கூடம் அமைக்கிறவன். உள்ளே நுழைந்தால் இருட்டு, உறுமல், அதிரும் தரை. அந்தத் தரையெங்கும் பெரிய பெரிய காலடிகள். அதற்கு அசல் சேற்றில் பதிந்த தடம் வேண்டுமாம். அளத்து முதலாளி புருஷோத்தமன் தலையாட்டிவிட்டார். குத்தகைக்காரியை யார் கேட்டார்கள்? அவள் பாடுபட்டு மிதித்து வைத்திருந்த பாத்தியில், ஃபைபரில் செய்த மூன்று விரல் பாதத்தை நாலு ஆட்கள் சேர்ந்து அமுக்கினார்கள்.

"பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுத்துட்டுப் போயிடுவோம்க்கா. அப்புறம் நீங்க மிதிச்சிக்கலாம்" என்றான் சித்தார்த்தன்.

"போட்டோ எதுக்கு சார் புடிக்கிறீங்க?"

"கூடத்துல மாட்டத்தான். மரக்காணம்னு பேரும் போடுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அத்தப் பாத்துட்டு, இங்க நெஜமாவே அது நடந்துச்சுன்னு எவனாவது கெளப்பி வுடுவான். கவர்மெண்ட்டுக்காரன் வந்து வேலி போட்டுடுவான். எம்பாத்தி போச்சுன்னா நான் எங்க சார் போறது? இது நாங்க செஞ்சதுன்னு அதுலயே எழுதிடுங்க."

"எழுதினா நல்லாருக்காதுக்கா. பாக்கற பசங்களுக்கு நெஜம் மாதிரி இருக்கணும்ல?" என்று சிரித்தான்.

சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவனை அவள் என்றைக்கு நம்பியிருக்கிறாள்?

வாளியில் பிளாஸ்டர் கரைந்து தயாராக இருந்தது. அவன் போன் பேச ஒதுங்கிய நேரம் பார்த்து, அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகினாள். தடத்தை அழிக்கப்போகிறாள் என்று ஆட்கள் பதறினார்கள்.

பாத்தியில் ஒரு காலடியையும் விட்டுவைக்காதவள், வரப்பை ஒட்டியிருந்த டைனோசர் தடத்தின் நட்டநடுவில் தன் வலது காலை ஊன்றினாள். ஐந்து விரலும் பதியும்வரை அழுத்தி, நிதானமாக எடுத்தாள். "இப்ப ஊத்துங்க. எழுதாட்டியும் மனுசன் செஞ்சதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.